அண்ணியின் பூட்டு

பேருந்தில் சில்லறை தேடித்தான் அண்ணி சட்டைப்பைக்குள் கையை விட்டாள். வந்தது சில்லறை இல்லை, சாவி. சிவப்புப் பட்டை கட்டின சின்னச் சாவி. டிக்கெட்டுக்குக் கை நீட்டிய நடத்துநர், "என்னம்மா, ஏறினதே தப்பான வண்டியா?" என்று கேட்டார். முகம் அப்படிப் போயிருந்தது.

அண்ணி என்பது அவள் பெயர் இல்லை. நாத்தனாருக்குத்தான் அவள் அண்ணி. ஆனால் அண்ணியும் நாத்தனாரும் ஒரே பயிற்சிக் கூடத்தில், ஒரே பிரிவில், ஆலை மின்சார வேலை படிக்கிறார்கள். நாத்தனார் நாள் முழுக்க "அண்ணி, அந்த ஸ்பேனரக் குடுங்க", "அண்ணி, ஒயர இழுங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கூடப் படிப்பவர்களிலிருந்து நரைத்த மீசை வைத்த ஆலை லைன் சூப்பர்வைசர் வரைக்கும் எல்லோருக்கும் இவள் அண்ணியாகிவிட்டாள். அந்த மனுஷருக்கு அவளுடைய அப்பா வயது இருக்கும். அவரும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார். கேட்க ஆளில்லை.

நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் வாலு. வெறும் ஆசைக்கு வைத்த பெயர் இல்லை, அனுபவித்துவிட்டு வைத்த பெயர்.

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். முழுகிப் போகும். பயிற்சியின் கடைசி மாதங்களை அவர்கள் ஒரு பழரச ஆலையில் வேலை பார்த்துக் கழிக்க வேண்டும். அங்கே எந்த இயந்திரத்துக்குள் கை வைப்பதானாலும் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அணைத்த நிலையிலேயே அதற்குப் பூட்டுப் போட வேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டு, பூட்டில் ஆளின் புகைப்படம், அதற்கு ஒரே ஒரு சாவி. நாலு பேர் உள்ளே வேலை செய்தால் நாலு பூட்டு தொங்கும். கடைசி ஆள் வந்து தன் பூட்டைத் தானே கழற்றும்வரை, முதலாளியே வந்து நின்றாலும் இயந்திரம் ஓடாது. கழற்றுவதற்கு முன்னால் இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து உள்ளே பார்த்து, குரல் கொடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

பயிற்சி மேடம் முதல் நாளே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "தன்னோட பூட்டுப் போடாம மெஷினுக்குள்ள தலைய விட்டா அன்னைக்கே வெளிய. அழுதாலும் சரி, அப்பாவக் கூட்டிட்டு வந்தாலும் சரி. பூட்டைத் தொங்க விட்டுட்டு சாவியோட வீட்டுக்குப் போனா என்ன பண்றதுன்னு நான் முடிவு பண்ணுவேன்." போன பிரிவில் ஒருவன் சாவியோடு வீட்டுக்குப் போனான். மேடம் முடிவு பண்ணினார். அவன் இப்போது தெருமுனைக் கடையில் மின்விசிறி ரிப்பேர் செய்கிறான்.

இன்றைக்கு அண்ணிக்குக் கொடுத்திருந்த வேலை பாட்டில் கழுவும் இயந்திரம். பேருந்து நீளம் இருக்கும். உள்ளே இரும்புச் சங்கிலி பாட்டில்களை வரிசை வரிசையாகத் தூக்கிக்கொண்டு வெந்நீருக்குள் முங்கி முங்கி எழும். அதன் வயிற்றுக்குள் ஒரு சென்சாருக்குப் போகும் கேபிள் நைந்துபோயிருந்தது. அண்ணி பூட்டுப் போட்டாள், பின்பக்கத் தகட்டின் போல்ட்டுகளைக் கழற்றி உள்ளே போனாள், கேபிளை மாற்றினாள், தகட்டை மூடினாள். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். பையனுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான், உடனே வாருங்கள். அதற்கப்புறம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆலையில் மேடத்துக்குக் கொடுத்திருந்த அறை வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடியவள், பூட்டை மறந்தே போனாள்.

கணவனுக்குப் போன் போட்டு, "பள்ளிக்கூடத்துக்கு நீங்க போங்க, எதுவும் கேக்காதீங்க" என்றாள். அவன் கேட்டான். அவள் பதில் சொல்லாமல் வைத்தாள். வைத்த கையோடு மறுபடி மணி அடித்தது. லைன் சூப்பர்வைசர்.

"அண்ணி, சாவி எங்க?"

"சார், எங்கிட்டதான் இருக்கு சார். பஸ்ல இருக்கேன். இதோ இறங்கிட்டேன்."

"தொட்டி நிறைய ஜூஸ் சுட வச்சு நிக்குது. பாட்டில் இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் போனா அத்தனையும் சாக்கடைல ஊத்தணும். மேலேருந்து என்னைக் காய்ச்சி எடுக்கறாங்க. பறந்து வாங்க."

எதிரே வந்த வண்டியைக் கை காட்டி மறித்து ஏறினாள். வழி முழுக்க மேடத்தின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. தன் படிப்பு போனால் போகட்டும், தையல் மெஷின் இருக்கிறது. வாலுவை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. இந்தப் படிப்பே அவளால் வந்தது. "வீட்டுக்கு வந்த மருமக ஒயரைப் பிடிச்சு இழுக்கப் போறாளா?" என்று மாமியார் குதித்தபோது, "அண்ணி வந்தாத்தான் நானும் போவேன்" என்று பட்டினி கிடந்து சாதித்தவள் வாலு. சர்க்யூட் படம் புரியாமல் அண்ணி கண்ணைக் கசக்கிய இரவெல்லாம் அடுப்படித் தரையில் சாக்பீஸால் வரைந்து வரைந்து சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். வாலுவுக்கும் அவள் அம்மாவுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. பயிற்சி முடிந்து வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சு தள்ளிப் போகும். நடுவில் நின்றால் மறுபேச்சில்லாமல் தரகர் கொண்டுவந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். முடிய இன்னும் சில வாரம்தான். இந்த நேரத்தில் அண்ணி துரத்தப்பட்டால், "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று மாமியார் வாலுவையும் நிறுத்திவிடுவாள். அந்தப் பயம்தான் அண்ணியைப் பிடுங்கித் தின்றது.

ஆலைக்குள் ஓடியபோது மூச்சு வாங்கியது. இயந்திரத்தின் முன்பக்கம், மெயின் சுவிட்சில் அவளுடைய பூட்டு மட்டும் ஒண்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. புகைப்படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இயந்திரத்தை ஓட்டும் பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே கட்டை விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க மகாராணி. தொறங்க."

"ஒரு சுத்து பாத்துட்டு..."

"நான் பாத்துட்டேன் அண்ணி. உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே சுத்தி வந்துட்டேன். ஈ காக்கா இல்ல. தொறங்க, புண்ணியமாப் போகும்."

அண்ணி சாவியைப் பூட்டில் நுழைத்தாள். திருப்பவும் செய்தாள். பாதி திருப்பியாயிற்று. இன்னும் ஒரு நெளிப்பு நெளித்தால் பூட்டு கையோடு வந்துவிடும், அவர் மெயினைப் போடுவார், பொத்தானை அழுத்துவார், எல்லாம் முடிந்தது.

அவள் கை நின்றது. ஏதோ உள்மனசு சொல்லிற்று, தெய்வம் தடுத்தது என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே ஒரு தப்பு செய்தாகிவிட்டது. சுற்றிப் பார்க்காமல் பூட்டைத் திறந்ததை மேடம் பார்த்துவிட்டால் இரண்டாவது தப்பு. இன்னொரு வசவு வாங்க அவளுக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான். பச்சையாகச் சொன்னால், பயந்தாங்கொள்ளித்தனம்.

"ஓடிப் போய் ஓடி வந்துடறேன் சார்" என்று சாவியைப் பழையபடி திருப்பி உருவிக்கொண்டு நகர்ந்தாள். அவர் என்னவோ கத்தினார். பம்புகளின் இரைச்சலில் நல்லவேளை எதுவும் காதில் விழவில்லை.

பின்பக்கம் போனதும் முதலில் கண்ணில் பட்டது தகடு. அவள் போல்ட் போட்டு மூடிவிட்டுப் போன தகடு. கழற்றி, சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அடுத்தது, திறந்திருந்த ஓட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள். ஒரு ஷூவுக்கு மஞ்சள் கயிறு, இன்னொன்றுக்குப் பச்சைக் கயிறு. உலகத்தில் அப்படி ஷூ போடுகிறவள் ஒருத்திதான். இடுப்புக்கு மேலே முழுக்கச் சங்கிலிக்கு நடுவில் இருந்தாள்.

அண்ணி குனிந்து ஒரு கணுக்காலைப் பிடித்தாள். பிடித்த பிடியில் உள்ளிருந்தவள் உதறினாள், அப்புறம் மெல்ல நெளிந்து பின்னால் நகர்ந்து வெளியே வந்தாள். காதில் அடைப்பான், நெற்றியில் விளக்கு, கன்னத்தில் கிரீஸ். அடைப்பானைப் பிடுங்கிவிட்டு வாலு இளித்தாள்.

"என்ன அண்ணி, பயமுறுத்திட்டீங்க."

"உள்ள என்னடி பண்ணின?"

"மெல்லப் பேசுங்க. கேபிளைப் பிடிச்சு நிறுத்தற கிளாம்பை மாட்டாமயே போயிட்டீங்க. சாமான் தட்டுல கிடந்துச்சு, இப்பத்தான் பாத்தேன். அப்படியே ஓட்டியிருந்தா சங்கிலி கேபிளை உருவி எறிஞ்சிருக்கும். சாவிக்கும் சேர்த்து மேடம் உங்களை உண்டு இல்லன்னு பண்ணியிருப்பாங்க. நீங்க வர்றதுக்குள்ள மாட்டிடலாம்னு புகுந்துட்டேன். மாட்டியாச்சு. யாரும் பாக்கல."

"உன் பூட்டு எங்க?"

"அது நான் வேலை பாக்கற பம்ப் பேனல்ல தொங்குது. ரெண்டு பூட்டா குடுத்திருக்காங்க எனக்கு? அதான் உங்க பூட்டு இருக்கே. அண்ணி பூட்டு இருக்கும்போது எனக்கென்ன பயம்."

சொல்லிவிட்டு வாலு தகட்டைத் தூக்கி ஓட்டையில் பொருத்தினாள். ஒவ்வொரு போல்ட்டாக வைத்து மளமளவென்று முறுக்கினாள். கை வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அண்ணி அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதி திருப்பிய அந்தக் கையில் சாவி இன்னும் இருந்தது.

அவர்கள் வீட்டில் உன்னுது என்னுது கிடையாது. ஒரே சீப்பு, ஒரே துண்டு, யார் முதலில் வாசலுக்கு வருகிறார்களோ அவர்களுக்குச் செருப்பு. மாமியாருக்கு அதில் பெருமை வேறு. அண்ணியின் சட்டையை வாலு போட்டுக்கொண்டு போவாள், வாலுவின் குடையை அண்ணி தொலைத்துவிட்டு வருவாள், ஒருத்தரும் கேட்பதில்லை. அதே மாதிரிதான் பூட்டையும் எடுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறாள் இந்தப் பெண். பாசத்தில் செய்திருக்கிறாள். அதுதான் அண்ணியைப் பயமுறுத்தியது. திமிரில் செய்தவளைத் திட்டித் திருத்தலாம், பாசத்தில் செய்தவள் நாளைக்கும் செய்வாள்.

"அண்ணி, என்ன ஆச்சு?" முன்பக்கத்திலிருந்து சூப்பர்வைசரின் குரல், பம்ப் இரைச்சலையும் மீறி. "தொறக்கறீங்களா, நான் வெட்டவா?"

"போங்க, போய்த் தொறங்க" என்றாள் வாலு. "நான் இப்படியே பின்னால பம்ப் ரூமுக்குப் போயிடறேன். நீங்களும் தப்பிச்சீங்க, நானும் தப்பிச்சேன்."

போகவிடலாம். வாயை மூடிக்கொண்டால் போதும், ஒரு ஈ எறும்புக்குத் தெரியாது. வீட்டில் வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம். வாலு "சரி அண்ணி, சரி அண்ணி" என்பாள், கழுத்தைக் கட்டிக்கொள்வாள், சிரிக்க வைத்துவிடுவாள். சில வாரத்தில் கையில் சான்றிதழோடு வேறு எங்கேயாவது வேலைக்குப் போவாள். அங்கேயும் யாரோ ஒருவருடைய பூட்டு தொங்கும். அந்த யாரோ ஒருவர் அவசரத்தில் இருப்பார். அவர் சுற்றிப் பார்க்க மாட்டார். ஏன், அண்ணியே பார்த்திருக்க மாட்டாள். மேடத்தின் மேல் இருந்த பயம் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் அவளே கொன்றிருப்பாள்.

"சார்" என்று கத்தினாள் அண்ணி. தேவைக்கு மேலேயே சத்தமாக. "இங்க வாங்க சார். உள்ள ஆள் இருந்துச்சு. பூட்டு இல்லாம இருந்துச்சு."

வாலு பாதி வழியில் நின்று திரும்பினாள். முதலில் அவளுக்குப் புரியவே இல்லை, அண்ணி ஏதோ தமாஷ் பண்ணுகிறாள் என்று உதட்டில் சிரிப்புக்கூட வந்தது. அப்புறம் சூப்பர்வைசர் ஓடி வருவதைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் செத்துப்போனதை அண்ணி பார்த்தாள், பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

சூப்பர்வைசர் வாலுவின் கன்னத்துக் கிரீஸைப் பார்த்தார். நெற்றி விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. முறுக்கி முடிக்காத கடைசி போல்ட்டைப் பார்த்தார். திட்டுவார் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவர் ஒரு காலி பாட்டில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். கட்டை விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"நான் பாத்தேனே" என்றார். "சுத்தி வந்து பாத்தேனே."

அன்றைய ஜூஸ் சாக்கடைக்குத்தான் போயிற்று. இப்போது அதைப் பற்றிப் பேசக்கூட ஆளில்லை.

மேடம் அறையில் விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வாலு எதையும் மறைக்கவில்லை, மறைக்க அவளுக்குத் தெரியாது. கிளாம்பை மறந்ததை அண்ணி தானாகவே சொன்னாள். சாவியைத் திருப்பியதை மட்டும் சொல்லாமல் மென்று முழுங்கினாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"சாவி விஷயத்துக்கு உங்களை அனுப்பணும்" என்றார் அண்ணியிடம். "திரும்பி வந்தீங்க, சுத்திப் பாத்தீங்க, பாத்ததைச் சொன்னீங்க. அதனால இருக்கீங்க. இன்னொரு தடவை நடந்தா நான் பேசக்கூட மாட்டேன்." அப்புறம் வாலுவின் பக்கம் திரும்பினார். "பிரிவுலயே கெட்டிக்காரி நீ. அதனாலதான் எனக்கு வயிறெரியுது. இன்னையோட சரி. மறுபடி வரணும்னா அடுத்த பிரிவுல, முதல் பாடத்துலேருந்து வா. நான் தடுக்க மாட்டேன்."

"மேடம், தப்பு என்னுது மேடம்" என்றாள் அண்ணி. "நான் கிளாம்பை மாட்டியிருந்தா அவ எதுக்கு உள்ள போறா? என்னையும் அனுப்பிடுங்க."

"உங்களை அனுப்பிட்டா அவ பூட்டுப் போட்டதா ஆயிடுமா? வீட்டுக் கணக்கை வீட்ல பாத்துக்குங்க."

பேருந்தில் இடம் நிறைய இருந்தது. வாலு ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டாள். அண்ணி பின் வரிசையில் உட்கார்ந்தாள். பாதி வழி போன பிறகு வாலு திரும்பாமலேயே பேசினாள்.

"உங்களுக்காகத்தானே போனேன்?"

"ஆமா."

"ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"இருந்திருக்கலாம்."

"அப்புறம் ஏன்?"

அண்ணி முன்னால் சாய்ந்து இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் சாவியைத் திருப்பிட்டேன்டி. பாதி திருப்பிட்டேன். அவர் விரல் பட்டன் பக்கத்துலயே இருந்துச்சு. நீ உள்ள இருந்த."

வாலு ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

வீட்டில் பையனுக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருந்தார்கள். கணவன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான். மாமியார் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவளிடம் எதையும் ஒளிக்க முடியாது. அண்ணி ஒளிக்கவும் இல்லை, நின்ற இடத்திலேயே நடந்ததைச் சொன்னாள்: இவள் உள்ளே போனாள், நான்தான் சொன்னேன், இவளை அனுப்பிவிட்டார்கள், என்னை அனுப்பவில்லை.

மாமியார் பிடித்துக்கொண்டாள். "உன்னை வச்சிக்கிட்டு இவளை அனுப்பிட்டாங்களா? நல்லா இருக்கே கூத்து. உனக்காகப் பட்டினி கிடந்தாளே, அவளையே மாட்டி விட்டியா? கூடப் பொறந்தவளா இருந்தா இப்படிச் செய்வியா? வெளிய ஒருத்தி செஞ்சிருந்தாக்கூட மனசு ஆறும். சாப்பாடு போட்ட வீட்டுக்கு நல்லாக் காட்டிட்டம்மா உன் குணத்தை. இனிமே என்ன, தரகருக்குச் சொல்லி விட வேண்டியதுதான். அவ தலையெழுத்து."

அண்ணி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அதில் பாதி நியாயம் என்றே அவளுக்குப் பட்டது.

"அம்மா, நிறுத்து" என்றாள் வாலு. ஷூவைக் கூடக் கழற்றாமல் சுவரோரம் நின்றிருந்தாள். "அண்ணியை நீ ஒரு வார்த்தை சொல்லாத."

"உனக்காகத்தானடி பேசறேன்?"

"எனக்காகப் பேச வேண்டாம். நான் மெஷினுக்குள்ள இருந்தேன்மா. இடுப்பு வரைக்கும் உள்ள இருந்தேன். இவங்க வந்து பாக்கலன்னா இந்நேரம் நீ என்னைப் பாக்க ஆலைக்கு வந்திருப்ப. முழுசாக் குடுத்திருக்க மாட்டாங்க." குரல் அங்கே உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள். "இவங்களோட நான் பேச மாட்டேன். எத்தனை நாளைக்குன்னு எனக்கே தெரியாது. ஆனா அது எங்க ரெண்டு பேர் சண்டை. நீ நடுவுல வராத. தரகரும் வர வேண்டாம். அடுத்த பிரிவுல முதல்லேருந்து சேரப் போறேன். வேணும்னா மறுபடி பட்டினி கிடக்கறேன்."

சொல்லிவிட்டு, பையன் படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

'முழுசாக் குடுத்திருக்க மாட்டாங்க' என்ற பேச்சு மாமியாருக்கு மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது. பிறகு மருமகளின் பக்கத்தில் வந்து அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து அழுத்தினாள். "உன்னைத் திட்டறதா என்ன பண்றதுன்னு எனக்கே தெரியலடி" என்றாள்.

அந்த நாள் முழுக்க அழாத அண்ணி அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, கேவிக் கேவி அழுதாள். திருப்பிய கையையா, திருப்பாமல் நிறுத்திய கையையா மாமியார் பிடித்திருக்கிறாள் என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது. இரண்டும் ஒரே கைதான்.

உள்ளிருந்து வாலுவின் குரல் வந்தது, யாருக்கென்று இல்லாமல், பொதுவாக.

"அம்மா, அவங்களைச் சத்தம் போடாம அழச் சொல்லு. புள்ள எழுந்துடுவான்."

அண்ணி சட்டைக் கையை வாயில் அழுத்திக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை.